பெரிய ஆட்களின் பெயரை மொட்டையாகச் சொல்வது: பழக்கமா, பவுசா?

கேள்வி: ஒரு வாசகர், மட்டக்களப்பு. 2025 பெப்ரவரி 8

ஜனாதிபதிமாரையே ரணில், மகிந்த, சந்திரிகா, அனுர என்றுதானே எல்லோரும் சொல்கிறோம்? பத்திரிகைத் தலைப்பும் அப்படித்தான் வருகிறது. அப்படியிருக்க, ஒருவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) நின்று ஒரு அமைச்சரின் பெயரை வெறுமனே சொன்னால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்? அவருக்கு உண்மையிலேயே பழக்கம் இருக்கலாமே. எனக்குப் படுவது, இது பொறாமை.

பெப்ரவரி 8, இரவு

பொறாமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள்.

தேத்தண்ணிக் கடையில் "ரணில் இனி என்ன செய்யப் போறார்" என்று ஒருவர் கேட்டால், அவர் தனக்கென்று எதையும் கேட்கவில்லை. அது ஊருக்கே பொதுவான பெயர். அந்தக் காலத்துத் தலைவர்களை ஜே.ஆர்., ஜி.ஜி., அமிர் என்று நம் அப்பாமார் சொன்னதும் அதே மாதிரித்தான். செல்வநாயகத்தைத் தந்தை செல்வா ஆக்கியதும் சனம்தான். பெயர் மொட்டையாக இருந்தாலும் வினையின் முடிவில் மரியாதை நிற்கும்: வந்தார், சொன்னார், ஏமாற்றிப்போட்டார். திட்டும்போதுகூட அந்த 'ஆர்' இலேசில் போகாது.

நான் சொல்வது மற்ற வகை. "அவனோட ராத்திரிதான் கதைச்சன். நம்மட பொடியன்தானே." இங்கே ஐயாவும் போய்விட்டது, 'ஆர்' விகுதியும் போய்விட்டது. நீங்கள் 'சேர்' என்று கும்பிடுகிற ஆள் எனக்கு 'அவன்' என்றால், நான் யார் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் சொல்லவந்த செய்தி.

அப்புறம், அந்தப் பெயர் யார் காதில் விழச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். சினேகிதர்களோடு இருக்கும்போது அவ்வளவாக வராது. கௌண்டருக்குப் பின்னால் இருக்கிற பிள்ளை, தடுத்து நிறுத்திய பொலிஸ்காரர், வரிசையில் முன்னால் நிற்கிற கிழவி, இவர்கள் இருந்தால் வரும்.

பெப்ரவரி 9

முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவது வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கனடாவுக்குப் போன என் மச்சானை வேலைத்தலத்தில் எல்லோரும் தகப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மாமா பக்கத்தில் இருந்திருந்தால் அவர்தான் திரும்பிப் பார்த்திருப்பார்.

ஆனால் நம்மிடமும் இதற்குச் சமமான ஒன்று இருக்கிறது. மரியாதையை நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறோம்: ஐயா, சேர், மாஸ்டர், டொக்டர், ஹாஜியார், அண்ணன். ஒட்டை உரித்துவிட்டுப் பெயரை மட்டும் எடுத்தால், இங்கிலீசுக்காரர் முதற்பெயரைச் சொல்வதைவிட அது கூர்மையாகவே குத்தும்.

பெப்ரவரி 11

இதில் எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் மாமி மண்டூர்ப் பக்கம். மாமா காலமான பிறகு, அவர் பெயரில் இருந்த பேமிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி)த் தன் பெயருக்கு மாற்ற அலைந்தார். பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், குருமண்வெளிக்குக் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து ஒரு அலுவலகத்துக்கு வருவார். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. பாதை மறுகரையில் நின்றால் அதற்காகக் காத்திருப்பதே ஒரு வேலை. பஸ்ஸும் அதன் பாட்டில்தான் வரும்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். வரிசை வாசல்வரை நின்றது. ஒரு ஆள் வந்தார். வெள்ளைச் சேட்டு, பையில் இரண்டு பேனை, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பைல். வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே போய்ப் போனைக் கௌண்டர்ப் பலகையில் திரை மேலே தெரியும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. திரையில் மாவட்டமே அறிந்த ஒரு அரசியல்வாதியின் பெயர். முன்னெழுத்து இல்லை, பின்னால் 'சேர்' என்பதும் இல்லை, பெயர் மட்டும். அவர் எடுக்கவில்லை, அடிக்க விட்டார். உள்ளே இருந்த பிள்ளை எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்த பிறகுதான் எடுத்தார். "பிறகு எடுக்கன்டாப்பா, இஞ்ச ஒரு வேலையா நிக்கன்" என்று சொல்லி வைத்தார்.

அந்தப் பக்கம் யார் பேசினார் என்பதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. போனில் எந்த இலக்கத்துக்கும் எந்தப் பெயரையும் போட்டு வைக்கலாம். ஆனால் அவரை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார்கள். நாங்கள் நின்றோம்.

மாமி என் கையைப் பிடித்து, "இவன்தான் மனே" என்றார். அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. ஏற்கனவே ஒருதரம் அந்த ஆள் மாமியிடம் ஐயாயிரம் ரூபாய் வாங்கியிருந்தார், தேத்தண்ணிச் செலவுக்கு என்று. அவனிட்ட ஒரு சொல் சொன்னால் வேலை முடியும் என்று அந்த அரசியல்வாதியின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "பேரச் சொல்லிக் கதைக்கான் மனே. அப்பிடிக் கதைக்கிறவன் பெரிய ஆளெண்டுதானே நினைப்பம்" என்றார்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ஆம் ஆண்டில் வந்தது. பேமிட்காரர் இறந்தால், அவர் பின்னுரித்தாளராக யாரையும் எழுதி வைக்காவிட்டாலும், மனைவி தன் சீவியகாலம்வரை அந்தக் காணியை வைத்திருக்க அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மாமிக்கு உரியதையே மாமிக்கு விற்றிருக்கிறார் அந்த ஆள். விற்பதற்கு அவரிடம் இருந்த முதல் ஒரு பெயர் மட்டும்தான்.

பெப்ரவரி 12

"அவருக்கு அந்த அரசியல்வாதியை உண்மையாகத் தெரிந்திருந்தால்?" என்று கேள்வி கேட்டவரே திரும்பக் கேட்டிருக்கிறார்.

தெரிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பொய் என்றால் ஒரு ஏமாற்றுக்காரரோடு போகும். மெய் என்றால், ஒரு விதவையின் பைல் நகருவதற்கு ஒரு அரசியல்வாதியின் சொல் தேவை என்று ஆகிவிடுகிறது. இரண்டிலும் மாமி நின்றது அதே வரிசையில்.

பெப்ரவரி 16

கல்முனையிலிருந்து ஒருவர் சுனாமிக் காலத்தை ஞாபகப்படுத்தியிருக்கிறார். நல்லது, அதைப் பேசத்தான் வேண்டும்.

2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலாகச் சனம் செத்தது அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரை நீளத்துக்கும் அழிவு. பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. அதுபோன்ற ஒன்றில் நான் கள உத்தியோகத்தராக இருந்தேன். முதல்நாளே எங்கள் பெரியவர் எல்லோரையும் இருத்தி, தன்னை முதற்பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும் என்றார். எங்களுக்கு நாக்கு வளையவில்லை. பீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் 'பீற்றர் சேர்' ஆக்கிவிட்டோம். அவரும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். கடைசிவரை பீற்றர் சேர்தான்.

அலுவலகத்துக்குள் அது நல்ல வழக்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். சாரதியும் கூட்டத்தில் வாய் திறந்து பேசினார். வெளியேதான் பிழைத்தது. முகாமில் வீட்டுப் பட்டியல் எழுதப் போனால், கமிட்டியில் இருந்த ஒருவர் தோணியை இழந்த மீன்பிடிகாரரிடம், "பீற்றர்ட்ட நான் சொன்னாத்தான் உன்ட பேரு லிஸ்டுல ஏறும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரியவர் தன்னைச் சின்னவராக்கிக்கொள்ளக் கொடுத்த பெயர் அது. அதை எடுத்துக்கொண்டு இவர் தன்னைப் பெரியவராக்கிக்கொண்டார். பட்டியலில் ஒரு பெயர்கூட அவர் சொல்லி ஏறவில்லை. குடும்ப அட்டையும் கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் பார்த்துத்தான் நாங்கள் எழுதினோம். ஆனால் சனத்துக்கு அது எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே. பிறகு நாங்கள் பட்டியலின் விதிகளைத் தமிழில் எழுதி முகாம் வாசலில் ஒட்டினோம். ஒட்டிய பிறகு அந்த ஆளின் கதை குறைந்தது.

பெப்ரவரி 17

ஓம், சாரதியும் 'பீற்றர் சேர்' என்றுதான் சொன்னார். கேட்டவருக்காக.

பெப்ரவரி 23

இதைப்பற்றி ஆராய்ச்சி ஏதும் இருக்கிறதா என்று கேட்ட தம்பிக்கு.

அமெரிக்க வழக்கை ஆராய்ந்து ரொஜர் பிரவுன், மார்கரீட் போர்ட் இருவரும் 1961இல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. ஒருவரையொருவர் முதற்பெயரால் கூப்பிடலாம் என்ற மாற்றத்தை யார் தொடங்குவது என்று பார்த்தார்கள். மேலே இருப்பவர்தான் தொடங்குகிறார். கீழே இருப்பவர் தானாகத் தொடங்கினால் அது அத்துமீறல். பீற்றர் சேர் செய்ததும் அதுதான், அனுமதி அவரிடமிருந்து வந்தது. ஆகவே ஒருவர் பெரிய ஆளின் பெயரை மொட்டையாகச் சொல்லும்போது, அந்த அனுமதி தனக்குக் கிடைத்துவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இன்னொன்று சூரிச் பல்கலைக்கழகத்து ஆட்கள் 2009இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் டென்னிஸ் வீரர் ரொஜர் பெடரர் தனக்குத் தெரிந்தவர் என்று எழுதினால், வாசிப்பவர் என்ன நினைக்கிறார் என்று பார்த்தார்கள். நெருக்கத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லச் சொல்ல, சொன்னவர் மேல் விருப்பம் குறைந்ததாம். திறமைசாலி என்ற எண்ணமும் சேர்ந்து குறைந்ததாம்.

வாசிக்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் நம் இடத்துக்கு இதை அப்படியே கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆய்வில் பெயர் சொன்னவரால் மற்றவருக்கு ஒரு நட்டமும் வராது. கௌண்டருக்கு முன்னால் பெயர் சொல்கிறவர் தன்னை விரும்பச் சொல்லிக் கேட்கவில்லை. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஒரு இடமாற்றப் பயம் வந்தால் போதும் அவருக்கு. அந்தப் பிள்ளைக்கும் அவரைப் பிடித்திருக்காது, ஆனாலும் கதிரை போட்டாள்.

மார்ச் 9

மாமிக்காகத் தகவல் கேட்டு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்தால் எழுதுகிறேன்.

மார்ச் 15

காரைதீவிலிருந்து விபுலானந்த அடிகளைப் பற்றி எழுதியவருக்கு நன்றி. நான் சொல்ல நினைத்திருந்ததையே எடுத்துத் தந்துவிட்டீர்கள்.

விபுலானந்த அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தார், 1947இல் மறைந்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே. நம் பகுதி பெற்ற ஆட்களில் அவரைவிடப் பெரியவர் எனக்குத் தெரியாது. இயற்பெயர் மயில்வாகனம். அந்தப் பெயரைச் சொல்லி அவரோடு நெருக்கம் காட்டிய ஒருவரைக்கூட நான் கேட்டதில்லை. 'சுவாமி' என்றால் போதும், மட்டக்களப்பில் எந்தச் சுவாமி என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் சின்னவனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் வயதான ஒரு வாத்தியார் இருந்தார், கல்லடி உப்போடை சிவானந்தாவில் படித்தவர். சுவாமியை நேரே கண்டவர் என்பது ஊருக்குத் தெரியும், ஆனால் அவர் வாயால் அது வந்ததில்லை. நாங்கள் நச்சரித்துக் கேட்டால் மட்டும், "சுவாமி ஒருக்கா எங்கட வகுப்புக்கு வந்தவர்" என்பார். மறுகா என்ன நடந்தது என்று கேட்டால், சுவாமி கரும்பலகையில் என்ன எழுதினார், எந்தப் பையனின் கொப்பியைத் திருத்தினார் என்று சொல்லுவார். தான் எங்கே இருந்தார் என்பது அந்தக் கதையில் வராது.

கல்முனைக்காரர் சொல்கிறபடி அங்கேயும் இதே முறைதான். முஸ்லிம் காங்கிரசை உண்டாக்கிய எம்.எச்.எம். அஷ்ரஃப் 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். ஒலுவில் பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்தவர், ஆஸ்பத்திரிக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரோடு வேலை செய்த பழைய ஆட்கள் இன்றும் 'தலைவர்' என்றுதான் சொல்கிறார்களாம். "நான் சொன்னா அஷ்ரஃப் தட்டமாட்டான்" என்று சொல்லித் திரிந்தவர்கள் பெருகியது அவர் காலமான பிறகு என்கிறார் அவர். போய் விசாரிக்க ஆள் இல்லையல்லவா.

மார்ச் 22

முந்திய குறிப்பைப் படித்துவிட்டு, பழைய காலத்தில் எல்லோரும் அடக்கமாக இருந்தார்கள் என்று சொல்லவருகிறேனா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. வயற்சொந்தக்காரரான போடியார்மாரின் காலத்தைப் பாருங்கள். அவருக்காக வயலை மேற்பார்க்கிற முல்லைக்காரன் "போடியார் சொன்னவர்" என்றால் அதற்கு மறுப்பில்லை. போடியார் சொல்லாததையும் சொன்னதாகச் சொல்லிக் கூலியில் கைவைத்தவர்கள் இருந்தார்கள், எங்கள் அம்மாச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அடுத்தவரின் அதிகாரத்தை இரவல் வாங்குவது பழைய பழக்கம்தான்.

ஒரு வித்தியாசம் இருந்தது. போடியாரின் வளவு அடுத்த தெருவில். பொறுக்கமுடியாமல் போனால், அறுப்பு முடிந்த கையோடு யாராவது ஒருவர் போய்ப் படலையில் நின்று கேட்டுவிடுவார். இன்றைக்குப் பெயர் கொழும்பில் இருக்கிறது. மாமி எந்தப் படலையில் போய்க் கேட்பார்?

ஏப்ரல் 15

வருசப் பிறப்புக்கு வீடு நிறைய ஆட்கள். கைவிசேடம் கொடுத்து, சாப்பிட்டு, கதை தொடங்கியதும் மருமகன் ஒருவன் போனைச் சுற்றிக் காட்டினான். ஒரு பெரிய மனிதரின் தோளோடு தோளாக நிற்கிற படம். பெயரை மொட்டையாகச் சொல்லி, "அவன் பாத்துச் செய்யிறனெண்டவன்" என்றான். எனக்குச் சுள்ளென்று வந்தது. பெரியவர்கள் இருந்தபடியால் பேசவில்லை.

பிறகு கிணற்றடியில் தனியே கேட்டேன். பட்டம் முடித்து எவ்வளவோ காலமாயிற்று, வேலை இல்லை. அந்த மனிதரின் கூட்டம் ஒன்றில் கதிரை அடுக்கப் போனவனாம், அப்போது எடுத்த படமாம். பயோடேட்டாவை அவருடைய ஆள் ஒருவரிடம் கொடுத்திருக்கிறான். "மாமா, எல்லாரும் என்னடா செய்யிறாய் எண்டு கேக்காங்க. எதச் சொல்ல?" என்றான்.

இந்த இழையில் நான் எழுதியதோடு இதையும் சேர்க்காவிட்டால் நியாயமில்லை. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இருந்தார்கள். சட்டப்படி கேட்டு, வெயிலில் இருந்து கேட்டு, அதற்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று இவன் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்த பிள்ளை யாரோ ஒருவரின் பெயரைப் பிடித்துத் தொங்கினால், அவனை அந்த வெள்ளைச் சேட்டு ஆளோடு ஒன்றாக வைக்க என்னால் முடியாது. இவன் யாரிடமும் ஐந்து சதம் வாங்கவில்லை, யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை. வெட்கத்தை மூட ஒரு பெயரைப் போர்த்திக்கொண்டான், அவ்வளவுதான். அவனைச் சபையில் மடக்கிக் கேள்வி கேட்க நினைத்த பெரியப்பாவை நான்தான் தடுத்தேன்.

ஆனால் ஒன்று சொன்னேன்: அந்தப் பெயரைச் சொல்லி உன்னிடம் யாராவது காசு கேட்டால் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினான்.

ஏப்ரல் 27

மே 6 உள்ளூராட்சித் தேர்தல் என்றபடியால் இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை பெயர் மழை. எந்தக் கட்சி என்றில்லை. படலையில் நின்று "அவரே என்ன உங்கட வீட்டுக்குப் போகச் சொன்னவர்" என்கிறார்கள். வோட்டுக் கேட்கும்போது 'அவர்', வென்ற பிறகு கௌண்டரில் 'அவன்'. இந்த இரண்டையும் ஒரே வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

மே 11

மாமிக்குப் பதில் வந்துவிட்டது. அரைப் பக்கக் கடிதம். கோப்பில் விவாகப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி இல்லை, அதனால் மேலே அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேறொன்றும் இல்லை. அந்தப் பிரதி வேண்டும் என்று முதல்நாளே ஒருவர் வாயால் சொல்லியிருந்தால், ஐயாயிரமும் போயிராது, அத்தனை பாதைப் பயணமும் இருந்திராது. உள்ளே இருக்கிற பிள்ளைமாரையும் இதில் நான் தப்ப விடமாட்டேன். வருகிறவருக்கு என்ன குறை என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் பெயர் வியாபாரிக்கு வேலையே இல்லை. முகாம் வாசலில் விதிகளை ஒட்டியபோது நடந்ததை மேலே எழுதியிருக்கிறேன்.

மாமி அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "அவன் இதக்கூடச் சொல்லல்லையே மனே" என்றார். அவனுக்கும் தெரிந்திருக்காது என்றேன்.

மே 12

எப்படிக் கேட்பது என்று பலர் கேட்கிறீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். நாங்கள் எழுதியது: இந்த இலக்கக் கோப்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, குறைகிற ஆவணங்கள் எவை, கடைசியாக எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது. மூன்றே வரி.

எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தாக்கிக் கொடுக்க உதவ வேண்டும், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. காசு கேட்கிற உத்தியோகத்தர் என்றால் இலஞ்ச ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

விண்ணப்பத்தைக் கையில் கொடுக்கிறவர்கள், பெற்றுக்கொண்டதாக எழுத்தில் ஒரு சீட்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம்.